அக்கா கழுவிய கணினி

ஒரு கணினியைத் தண்ணீரில் கழுவுவார்கள் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேன். அதை என் கண்ணாலேயே பார்த்தது மாண்ட்ரியாலில், டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் ஒரு வீட்டுச் சமையலறையில், பிப்ரவரி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றின் பிற்பகலில். அரிசி களையும் வெள்ளைப் பிளாஸ்டிக் பேசினில் என் மடிக்கணினியின் உள்ளிருந்து எடுத்த பச்சைப் பலகை கிடந்தது. இஸ்திரிப் பெட்டிக்கு ஊற்றுவதற்காக மருந்துக்கடையில் விற்கும் காய்ச்சி வடித்த நீரை ஒரு பெரிய கலனிலிருந்து அதன்மேல் சரித்துக்கொண்டிருந்தார் அக்கா. மறு கையில் புதிதாகப் பிரித்த பல் துலக்கும் பிரஷ். பேசினில் தண்ணீர் முதலில் பழுப்பாகத் தேங்கியது, பிறகு கலங்கலாக, அதன் பிறகு தெளிவாக. ஒவ்வொரு முறை அவர் பேசினைக் கவிழ்த்தபோதும் என் நான்கு வருட உழைப்பு பாத்திரம் கழுவும் தொட்டி வழியாக ஓடிப்போவதாகவே எனக்குத் தோன்றியது. நான் மூச்சைப் பிடித்து நிற்பதை எப்படியோ அறிந்து, "மூச்சை விடுங்கோ தங்கச்சி" என்றார் அவர், திரும்பாமலே.

அக்கா எனக்கு உறவில்லை. நான் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர். இரண்டாயிரங்களின் நடுவில், திருச்சியிலிருந்து வந்து, மாண்ட்ரியால் தீவின் மேற்கு முனையில் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் இருக்கும் விவசாய வளாகத்தில் முனைவர் பட்ட ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். வளாக விடுதியில் இடம் கிடைக்காத வருடம், முருகன் கோவில் அறிவிப்புப் பலகையில் தமிழில் எழுதி ஒட்டியிருந்த ஒரு துண்டுக் காகிதத்தைப் பார்த்துத் தொலைபேசியில் கூப்பிட்டேன். "ஓம், வந்து பாருங்கோ, கீழ்வீடு சும்மாதான் கிடக்குது" என்று ஒரு பெண் குரல் சொன்னது. அப்படி அவர்கள் வீட்டின் பேஸ்மென்டில் குடியேறினேன். அக்காவுக்கு அப்போது நாற்பதுகூட ஆகவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பதினைந்து வருடம் ஆகியிருந்தது. அவருடைய கணவரை அண்ணா என்று கூப்பிட்டேன். கடைகளுக்குச் சாமான் இறக்கும் லாரி ஓட்டினார், வாய் திறப்பது அரிது. அக்கா சென்ட் லோரன்டில் ஏதோ ஒரு தொழிற்சாலைக்குப் போய்வருகிறார் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். விடிவதற்கு முன் அவருடைய கார் உறுமிக் கிளம்பும் சத்தத்தில்தான் என் நாள் தொடங்கும். எட்டு மாதம் அவர்களுடைய காலடியில் குடியிருந்தும், அங்கே என்ன வேலை செய்கிறீர்கள் என்று ஒரு முறைகூட நான் கேட்டதில்லை. எதையோ எடுத்துப் பெட்டியில் அடைக்கும் வேலையாக இருக்கும் என்று நானே முடிவுகட்டி வைத்திருந்தேன். படித்தவள் என்கிற நினைப்பு இப்படியெல்லாம் வேலை செய்யும். இன்று எழுதும்போதும் கூசுகிறது.

என் ஆராய்ச்சி மக்காச்சோள வயல்களைப் பற்றியது. அந்த நாட்டு வயல்களில் மண்ணுக்கு அடியில் வடிகால் குழாய்களைப் புதைத்திருப்பார்கள். மழைக்கும் பனி உருகலுக்கும் பிறகு அந்தக் குழாய்களில் வடியும் நீரோடு எவ்வளவு உரம் கரைந்து போகிறது என்று அளப்பது என் வேலை. இரண்டு பருவங்கள் சேற்றில் நின்று அளந்தேன். முதல் பருவத்தின் கணக்குகள் ஒரு குறுந்தகட்டில் பத்திரமாக இருந்தன. இரண்டாவது பருவம் முழுவதும், மே மாதத்திலிருந்து நவம்பர் வரை, என் மடிக்கணினியில் மட்டும் இருந்தது. வயலில் வைத்திருந்த பதிவுக் கருவிகளை அடுத்த மாணவனுக்காகத் துடைத்து ஒப்படைத்துவிட்டேன். "நகல் எடுத்துவிட்டாயா?" என்று பேராசிரியர் இலையுதிர்காலத்திலேயே கேட்டார். எடுத்துவிட்டேன் என்றேன். அடுத்த வாரம் எடுத்துவிடலாம் என்ற நினைப்பில் சொன்னது. அடுத்த வாரங்கள் வந்துகொண்டே இருந்தன. ஆய்வேட்டைக் கொடுக்க ஏழு வாரம் மிச்சம் இருந்தது. உதவித்தொகையும் அதோடு முடிகிறது, படிப்பு விசாவும் அதையொட்டி முடிகிறது.

அந்தச் சனிக்கிழமை காலை, கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேன். பால் ஊற்றி, இரண்டு கரண்டி சர்க்கரை போட்டு ஆற்றிய தேநீர் பக்கத்தில் ஒரு புத்தகத்தின்மேல் இருந்தது. முழங்கை பட்டது. டம்ளர் சாய்ந்ததை நான் பார்க்கவில்லை, விசைப்பலகையின்மேல் சூடான நீர் பரவும் அந்தச் சின்னச் சத்தத்தைத்தான் கேட்டேன். துண்டை எடுத்து அழுத்தினேன், கணினியை என் பக்கமாகச் சாய்த்து வழியவிட்டேன். திரை அணைந்தது. அதற்குப் பிறகு நான் செய்ததுதான் பெரிய தவறு. பொத்தானை அழுத்தினேன். விளக்கு எரிந்து அணைந்தது. மறுபடி அழுத்தினேன். மூன்றாவது முறை அழுத்தியபோது இடது பக்கம் உள்ளே எங்கோ 'டிக், டிக்' என்று ஒரு சத்தம் வந்து நின்றது. பிறகு அது உயிரற்ற பொருளாகிவிட்டது. முடி உலர்த்தும் கருவியை எடுத்து விசைப்பலகைக்குள் சூடான காற்றை அடிக்கத் தொடங்கினேன். கண்ணீர் வந்துகொண்டிருந்தது, அதை யாரும் பார்க்கவில்லை என்பது மட்டும்தான் ஆறுதல்.

அதுவும் நிலைக்கவில்லை. துணி துவைக்கும் இயந்திரம் பேஸ்மென்டில்தான் இருந்தது. துணிக்கூடையோடு இறங்கிவந்த அக்கா திறந்திருந்த என் கதவில் நின்றார். அவருடைய கண் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையில் இருந்த கருவியைப் பார்த்தது. கூடையைக் கீழே வைத்துவிட்டு வந்து, சுவரிலிருந்து அதன் மின்கம்பியைப் பிடுங்கினார்.

"காத்தடிச்சால் இன்னும் உள்ளுக்கெல்லோ போகும். என்ன ஊத்தினது?"

"டீ அக்கா."

"சீனி போட்டதோ?"

அந்த நேரத்தில் அது எனக்குப் பைத்தியக்காரத்தனமான கேள்வியாகப் பட்டது. போட்டது என்றேன். அவர் முகம் சற்று இறுகியது. கணினியைக் கவிழ்த்து, அடியில் இருந்த பேட்டரியை இரண்டு விரலால் கழற்றி என் தலையணைமேல் போட்டார். பிறகு என் கண்ணைப் பார்த்துக் கேட்டார்.

"ஊத்துப்பட்டாப் பிறகு ஓன் பண்ணிப் பாத்தனீங்களோ?"

இல்லை அக்கா என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பல வருடம் யோசித்திருக்கிறேன். அவர் எனக்கு ஆசிரியர் இல்லை, அதிகாரி இல்லை. உண்மையைச் சொன்னால் ஒரு நட்டமும் வந்திருக்காது. முட்டாளாகத் தெரியக்கூடாது என்ற ஆசை தவிர வேறு காரணமே இல்லை. அவர் தலையசைத்தார். "அப்பப் பிழைக்கும். கொண்டுவாங்கோ மேல." நான் தயங்கியதைக் கண்டு, "எனக்குக் கொம்பியூட்டர் ஒண்டும் தெரியாது தங்கச்சி. ஒரு ஈமெயில் போடவும் தெரியாது. போர்ட் தெரியும். பதினொரு வருசமா அதுதான் வேலை" என்றார்.

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. விமானங்களுக்குள் வைக்கும் மின்பலகைகளைச் செய்கிற தொழிற்சாலை அது. சோதனையில் தேறாமல் திரும்பி வருகிற பலகைகள் அக்காவின் மேசைக்கு வரும். உருப்பெருக்கிக்கு அடியில் வைத்து, எந்த ஈயப்பற்று விட்டிருக்கிறது, எந்தப் பாகம் செத்திருக்கிறது என்று கண்டு, பழையதைக் கழற்றிப் புதியதைப் பற்றவைப்பது அவர் வேலை. அவர் தொட்ட பலகைகள் வானத்தில் பறந்துகொண்டிருந்தன. கடைக்குக் கொண்டுபோகட்டுமா என்று நான் கேட்டபோது அவர் கோபப்படவில்லை. "குடுங்கோ. ஆனா ஆரிட்டைக் குடுத்தாலும் இண்டைக்கே கழுவவேணும். சீனியும் பாலும் இறுகினால் உள்ளுக்குக் கிடக்கிற செம்பைத் திண்டுபோடும். கடைக்காரன் இதைத் திங்கட்கிழமைக்கு முதல் தொடமாட்டான்." நான் கணினியைத் தூக்கிக்கொண்டு படியேறினேன்.

சாப்பாட்டு மேசையைத் துடைத்து ஒரு பருத்தித் துணியை விரித்தார். முதல் வேலையாக என்னைக் கம்பளிச் சட்டையைக் கழற்றிவிட்டு வரச் சொன்னார். குளிர்காலத்து வறண்ட காற்றில் கம்பளியிலிருந்து பாயும் சிறு மின்பொறியே ஒரு பலகையைக் கொல்லப் போதும் என்றார். தானும் ஒவ்வொரு தடவையும் உட்காருவதற்கு முன் உடம்பிலுள்ள மின்சாரம் இறங்கத் தண்ணீர்க் குழாயைத் தொட்டுவிட்டு வந்தார். பல்பொருள் அங்காடியின் விளம்பரத் தாள் ஒன்றைத் திருப்பி, கணினியின் அடிப்பக்கத்தை அதில் வரைந்து, கழற்றிய ஒவ்வொரு திருகாணியையும் அது இருந்த இடத்திலேயே பசைநாடாவால் ஒட்டினார். விசைப்பலகை கழன்று வந்தபோது புளித்த பாலின் வாடை எழுந்தது. என் சமையலின் வாடை ஒரு இயந்திரத்தின் வயிற்றிலிருந்து வருவது அவமானமாக இருந்தது. இடது ஓரத்தில், கைவைக்கும் இடத்துக்கு அடியில் இருந்த, என் கணக்குகள் எல்லாம் பதிந்திருக்கும் டிஸ்க்கை வெளியே எடுத்துத் திருப்பிப் பார்த்தார். மேலே காய்ந்திருந்தது. "கரண்ட் போகாட்டில் இதுக்கு ஒண்டும் ஆகாது" என்று ஒரு துணியில் சுற்றி அலமாரியில் வைத்தார். நான் வாயைத் திறக்க வேண்டிய இடம் அது. திறக்கவில்லை.

பிறகுதான் அந்தக் கழுவல். நீரில் சர்க்கரை போன பிறகு, சுத்தமான ஸ்பிரிட்டால் இன்னொரு தடவை. தொழிற்சாலையில் உருப்பெருக்கி இருக்கிறதே, திங்கட்கிழமை அங்கே கொண்டுபோய்ப் பார்க்க முடியாதா என்று ஆசையோடு கேட்டேன். "வெளிச்சாமான் உள்ளுக்குக் கொண்டுபோகேலாது. என்னோட எல்லாரும் நல்லம்தான், கேட்டால் விடுவினம். அதுக்காகக் கேக்கக்கூடாது" என்று முடித்துவிட்டார். அண்ணா செய்தித்தாள் படிக்க வைத்திருந்த பூதக்கண்ணாடியை வாங்கி, மேசைவிளக்கை இழுத்து, பலகையை அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். பிறகு அதை ஒரு துணிமேல் கிடத்தி, புதன்கிழமைவரை யாரும் தொடக்கூடாது என்றார். அந்த நான்கு நாளும் அந்த வீட்டில் சாப்பாட்டு மேசை கிடையாது. அண்ணா சமையல் மேடையில் தட்டை வைத்து நின்றபடியே சாப்பிட்டார். நான் மன்னிப்புக் கேட்டபோது, "நிண்டு சாப்பிட்டால் கொஞ்சமாத்தான் போகும், நல்லதுதானே" என்று வயிற்றைத் தடவினார். அவர் என்னிடம் பேசிய மிக நீளமான வாக்கியம் அதுவாக இருக்கலாம்.

புதன்கிழமை பின்னேரம் வேலையிலிருந்து வந்து, தேநீர்கூடக் குடிக்காமல் அக்கா மேசையில் உட்கார்ந்தார். எல்லாவற்றையும் பொருத்தி மின்சாரம் கொடுத்தார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி பிரித்தார். மின் அளவுமானியின் இரண்டு ஊசிகளையும் பலகையின்மேல் இங்கும் அங்கும் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். எங்கோ ஓரிடத்தில் மின்சாரம் போகவேண்டிய வழி போகாமல் நேரே தரைக்கு இறங்குகிறது என்றார். சார்ஜர் குத்தும் துளைக்குப் பக்கத்தில், எள்ளைவிடச் சிறிய பாகம் ஒன்று. பூதக்கண்ணாடிக்குள் அதன் ஒரு முனை கருகியிருந்தது. அதை அவர் நெடுநேரம் பார்த்தார். ஒரு கணம் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். ஊசி முனைப் பற்றவைப்புக் கோலைச் சூடாக்கி, அந்த எள்ளை அங்கிருந்து கழற்றினார். "இது இல்லாமலும் ஓடும்."

ஓடியது. விளக்கு எரிந்தது, விசிறி சுழலும் ஓசை கேட்டது, திரை வெளுத்தது. நான் அக்காவின் தோளைப் பிடித்துக் குலுக்கினேன். திரையில் எழுத்து வந்தது. டிஸ்க் இல்லை என்றது அந்த எழுத்து. அணைத்துப் போட்டோம். மறுபடியும் அதுவே. டிஸ்க் இருந்த இடது ஓரத்தில் காதை வைத்துக் கேட்டார் அக்கா. அது சுழலவே இல்லை.

ஐந்து நாள் அடக்கி வைத்திருந்தது எல்லாம் அந்த இடத்தில் உடைந்தது. "நீங்க தண்ணில கழுவினதாலதான் எல்லாம் போச்சு. யாராவது கம்ப்யூட்டரத் தண்ணில கழுவுவாங்களா? நான் அப்பவே கடைக்குக் கொண்டுபோறேன்னு சொன்னேன்ல?" என்று கத்தினேன். சமையல் மேடையருகே நின்றிருந்த அண்ணா தட்டை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். அக்கா பற்றவைப்புக் கோலின் நுனியை ஈரப் பஞ்சில் துடைத்தார், அணைத்தார், அதன் கூட்டில் வைத்தார். "நாளைக்குக் கதைப்பம்" என்றார். அவ்வளவுதான். நான் கீழே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

படுக்கையில் கிடந்தபோது அந்தக் கருகிய எள்ளும், அவர் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையும் நினைவுக்கு வந்தன. அந்தப் பார்வையின் பொருள் எனக்கு மெல்ல உறைத்தது. விடிந்ததும், அவர் கிளம்புவதற்கு முன்பே மேலங்கியை மாட்டிக்கொண்டு வெளியே போனேன். அவருடைய காரின் கண்ணாடிகளில் பனி கெட்டியாக உறைந்திருந்தது. சுரண்டியை எடுத்துச் சுரண்ட ஆரம்பித்தேன். வேறு எதைச் செய்வதென்று தெரியவில்லை. அக்கா வெளியே வந்து என்னைப் பார்த்துப் படியிலேயே நின்றார்.

"அக்கா, நான் ஆன் பண்ணிப் பாத்தேன். மூணு தடவ."

"தெரியும். ஈரத்தில கரண்ட் போகாமல் அது அப்பிடி எரியாது."

"தெரிஞ்சும் ஏன் என்னைக் கேக்கல?"

"கேட்டனானே" என்றார் அவர். "முதல் நாளே கேட்டனான்."

அதில் குத்தல் இல்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவே. எனக்குத்தான் அந்தக் குளிரிலும் காது சுட்டது. அவர் படியிறங்கி வந்து என் கையிலிருந்த சுரண்டியை வாங்கிக்கொண்டார். பிறகு அந்த வாசலிலேயே, மூச்சு வெண்புகையாகப் பறக்க, ஒரு மருத்துவர் கேட்பதுபோல ஒவ்வொன்றாகக் கேட்டார். எந்தப் பக்கம் சரித்தேன்? என் பக்கமாக. ஒவ்வொரு தடவையும் எவ்வளவு நேரம் விளக்கு எரிந்தது? ஏதாவது சத்தம் கேட்டதா? இடது பக்கம் 'டிக், டிக்' என்று கேட்டதைச் சொன்னேன். அவர் சுரண்டுவதை நிறுத்தினார்.

"அப்ப ஈரத்தோட டிஸ்குக்குக் கரண்ட் போயிருக்கு. இதை முதல் சொல்லியிருந்தால் சனிக்கிழமையே அதைத் திறந்திருப்பன். அஞ்சு நாள் தேத்தண்ணியில ஊறிப்போச்சு." காரில் ஏறிக் கதவைச் சாத்தும் முன் சொன்னார்: "பின்னேரம் பாப்பம். சாப்பிட்டிட்டு இருங்கோ. வெறுவயித்தோட வந்து நிக்காதேங்கோ."

அன்று பின்னேரம் நான் கம்பளிச் சட்டையில்லாமல், கையைக் குழாயில் தொட்டுவிட்டு, அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். டிஸ்க்கை இதற்கு முன் தான் திறந்ததே இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அதன் உலோகப் பெட்டியைத் திறக்கப்போவதில்லை, ஒரு தூசி உள்ளே விழுந்தாலும் முடிந்தது. அடிப்பக்கத்தில் திருகியிருக்கும் சின்னப் பலகை மட்டும் தன் வேலை. அதன் திருகாணிகள் நட்சத்திர வடிவில் இருந்தன, அதற்கான திருப்புளி அண்ணாவின் லாரிப் பையிலிருந்து வந்தது. பலகையைத் தூக்கியபோது அடியில் தேநீர் பழுப்புப் பிசினாக ஒட்டிக்கிடந்தது. பெட்டியும் பலகையும் தொட்டுக்கொள்ளும் செம்புப் புள்ளிகள் பாசிபிடித்ததுபோல் பச்சையாகியிருந்தன. அக்கா ஸ்பிரிட்டால் துடைத்தார். பச்சை முழுவதும் போகவில்லை. எழுந்துபோய் எழுதுபொருள் டப்பா ஒன்றைத் துழாவி, எழுத்தை அழிக்கும் வெள்ளை ரப்பர் ஒன்றைக் கொண்டுவந்தார். அதன் மூலையைச் சீவி, ஒவ்வொரு புள்ளியாக, கணக்கு நோட்டில் தப்பெழுத்தை அழிப்பதுபோல அழிக்கத் தொடங்கினார். பச்சைக்கு அடியிலிருந்து செம்பின் நிறம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. அதற்கு ஒரு மணி நேரம் ஆனது. அவருடைய நெற்றியில் அந்தக் குளிர்காலத்திலும் வியர்வை அரும்பியிருந்தது. வீட்டு ஹீட்டர் நன்றாக ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நன்றாக உலரவிட்டு, திருகி, மின்சாரம் கொடுத்தபோது அந்தச் சத்தம் வந்தது. மிக மெல்லிய, ஏறிக்கொண்டே போய் ஓரிடத்தில் நிலைக்கும் இரைச்சல். டிஸ்க் சுழன்றது. திரையில் என் கோப்புறைகள் வரிசையாக வந்து நின்றன. நான் எழுந்து குதிக்கப் பார்த்தேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து உட்காரவைத்தார்.

"முதல் கொப்பி எடுங்கோ. பேந்து சந்தோசப்படலாம்."

நான் வாங்கி வைத்திருந்த வெற்றுக் குறுந்தகடுகளில் ஒவ்வொன்றாக எழுதினோம். அக்கா பக்கத்திலேயே இருந்தார். ஒரு தகடு முடிந்ததும் வாங்கி, அதன்மேல் தன் வட்டமான கையெழுத்தில் எண் போட்டார். இரண்டு பருவங்களும் வந்தன, வரைபடங்கள் வந்தன, எழுதி முடித்த நான்கு அத்தியாயங்களும் வந்தன. செப்டம்பர் மாதத்தில் பதினொரு நாள் கணக்கு மட்டும் எத்தனை முறை முயன்றும் திறக்கவில்லை. "போனது போகட்டும், மிச்சத்தைப் பாருங்கோ" என்று அண்ணா பின்னாலிருந்து சொன்னார். எங்கள் இருவருக்கும் சேர்த்து அவர்தான் அன்று தேநீர் போட்டார். மேசைக்குக் கொண்டுவராமல், சமையல் மேடையிலேயே வைத்துவிட்டுக் கூப்பிட்டார்.

"அதுக்குள்ள அப்பிடி என்ன கிடந்தது?" என்று மறுநாள் அக்கா கேட்டார். ஐந்து நாள் காப்பாற்றிய பொருள் என்னவென்று அதுவரை அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தாளில் வயலை வரைந்து, அடியில் குழாய்களை வரைந்து காட்டினேன். கவனமாகக் கேட்டுவிட்டு, "பெரிய மழை ஒண்டு அடிச்சால் அண்டைக்கே எல்லா உரமும் போயிடுமோ, இல்லாட்டி ஒவ்வொரு நாளும் கொஞ்சங் கொஞ்சமாப் போகுமோ?" என்று கேட்டார். என் மூன்றாவது அத்தியாயம் முழுவதும் அந்தக் கேள்விதான். அதைச் சொன்னபோது அவர் வெட்கப்பட்டுச் சிரித்தார்.

ஆய்வேட்டைக் குறித்த நாளில் கொடுத்தேன். நன்றியுரையில் பெயர் போடட்டுமா என்று கேட்டதற்கு, "என்ரை பேரை ஆர் வாசிக்கப்போகினம்? அக்கா எண்டு போடுங்கோ, காணும்" என்றார். அப்படியே போட்டேன். விசாவைச் சில மாதம் நீட்டித்துக்கொண்டேன், இலையுதிர்காலத்தில் வாய்மொழித் தேர்வு வந்தது. யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். அன்றைய ஷிஃப்டை இன்னொருவரோடு மாற்றிக்கொண்டு, பட்டுச் சேலையின்மேல் நீளமான மேலங்கியை மாட்டிக்கொண்டு வந்து, கடைசி வரிசையில் ஓரமாக அக்கா உட்கார்ந்திருந்தார். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் கறாரானவர். பக்கங்களைப் புரட்டிக்கொண்டே வந்து ஒரு வரைபடத்தில் விரலை வைத்தார். செப்டம்பரில் பதினொரு நாள் ஏன் வெறுமையாக இருக்கிறது, கருவி பழுதா என்று கேட்டார்.

கருவி பழுது என்று சொல்லியிருக்கலாம். வயல் ஆராய்ச்சியில் அது தினமும் நடக்கிற ஒன்று. யாரும் மேற்கொண்டு கேட்டிருக்க மாட்டார்கள். என் பேராசிரியரும் அங்கேதான் இருந்தார், நகல் எடுத்துவிட்டேன் என்று நான் பொய் சொன்னவர். கருவியில் பழுது இல்லை என்றேன். நகல் எடுக்காமல் வைத்திருந்த கணினியில் தேநீரைக் கொட்டினேன், ஈரத்தோடு மூன்று முறை மின்சாரம் கொடுத்தேன், அதில் போனவை அந்தப் பதினொரு நாள், மற்றவற்றைக் காப்பாற்றிக் கொடுத்தவர் அதோ கடைசி வரிசையில் இருக்கிறார், பலகையைத் தண்ணீரில் கழுவித்தான் காப்பாற்றினார் என்று சொன்னேன். அறை முழுவதும் திரும்பிப் பார்த்தது. யாரோ சிரித்தார்கள், நல்ல சிரிப்பு. நான் வேகமாகப் பேசிய ஆங்கிலம் பிடிபடாமல், எதற்காக எல்லோரும் தன்னைப் பார்க்கிறார்கள் என்று புரியாமல் அக்கா பாதி எழுந்து, கைகூப்பிக் கும்பிட்டு, உட்கார்ந்துகொண்டார். தேர்வாளர் தன் குறிப்பில் எதையோ எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனார். பேராசிரியர் அன்று முடிந்ததும் என் கையைக் குலுக்கினார், பிடி வழக்கத்தைவிடச் சற்று இறுக்கமாக இருந்தது.

இப்போது நான் வேறு மாகாணத்தில் இருக்கிறேன். கணக்குகள் தாமாகவே மூன்று இடத்தில் நகலாகிவிடும் காலம் இது. என் மாணவர்களுக்கு இந்தக் கதையைச் சொன்னால், ஒரு டம்ளர் தேநீருக்கா இத்தனை பாடு என்று பார்க்கிறார்கள். பழுதோடு யாராவது என்னிடம் வந்தால் என்ன செய்தாய் என்று ஒரு முறைதான் கேட்கிறேன், அதற்குமேல் துருவுவதில்லை. பெரும்பாலும் அவர்களே ஒன்றிரண்டு நாளில் வந்து சொல்லிவிடுகிறார்கள்.

ஆனால் அக்காவை நினைக்கும்போது எனக்கு முதலில் வருவது, அந்தத் தேர்வு முடிந்து சென்ட்-ஆனிலிருந்து அவர் காரில் திரும்பிய வழி. நெடுஞ்சாலையின் இருபுறமும் மேப்பிள் இலைகள் சிவந்திருந்தன. தேர்வு அறையில் நான் சொன்னதை அவருக்குத் தமிழில் சொன்னேன். "தண்ணியில கழுவினதெண்டும் சொன்னனீங்களோ? அதுதான் சிரிச்சவை" என்று அவர் என்னைக் கேலி செய்துகொண்டு வந்தார்.

"அக்கா, அன்னைக்கு சாயங்காலம் நான் உங்களைப் பாத்து அப்படிக் கத்தினேன்ல. அதுக்கு நான் இன்னும் மன்னிப்பே கேக்கல."

சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் அவர் சொன்னார்.

"அண்டைக்கு நானும் அப்பிடித்தான் நினைச்சனான் தங்கச்சி. கழுவினது நான். வடிவாக் காயமுதல் கரண்ட் குடுத்திட்டனோ? டிஸ்கைக் கழட்டி வைச்சிட்டெல்லோ ஓன் பண்ணியிருக்கவேணும்? ஒரு பிள்ளையின்ரை படிப்பைக் கெடுத்துப்போட்டன் எண்டு விடியும்வரை கண் மூடேல்லை. வாசல்ல நிண்டு நீங்கள் அந்தச் சத்தத்தைச் சொன்னாப் பிறகுதான் பாதி மூச்சு வந்தது. மிச்சப் பாதி டிஸ்க் சுத்தினாப் பிறகு."

நான் கத்தியபோது அவர் திருப்பிக் கத்தாததை, எல்லாம் தெரிந்தவரின் அமைதி என்று எட்டு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன். நெற்றி வியர்வைக்கு ஹீட்டரைக் காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். என் குற்றச்சாட்டு உண்மையாக இருக்கலாம் என்ற பயத்தோடுதான் அவர் மறுநாள் வேலைக்குப் போயிருக்கிறார். பதினொரு வருடம் பழகிய கையை முதல்முறையாக நம்பாமல்தான், இதுவரை திறந்திராத ஒன்றை என் எதிரே திறந்திருக்கிறார்.

கார் டொலார்டுக்குத் திரும்பியது. வாசலில் அண்ணா காத்துக்கொண்டிருந்தார். கண்ணாடியை இறக்கி அக்கா கத்திச் சொன்னார்: "தங்கச்சி பாஸ்!"